கிழக்குச் சுவருக்கு உள்ளே

விலைக்கு வந்த அந்த வீட்டின் கடைசி அறையில், கிழக்குச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்குள் யார் நின்று பேசினாலும் சத்தம் அந்த வீட்டில் கேட்காது. பக்கத்து வீட்டில் கேட்கும். குழாயில் தண்ணீர் வரும் நேரம் தெரிவதைப் போல இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். வீடு பார்க்க வந்தவர்களிடம் யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை.

கேட்டவள் ஒரு பல் கட்டுகிறவள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்வது அவள் தொழில். ஒரு மயிரிழை உயர்ந்தாலும் கடிக்கிறவருக்குத் தாடை வலிக்கும் என்பதால் எதையும் ஒருமுறைக்கு இருமுறை அளந்து பார்ப்பாள். கல்யாணமான நாள் முதல் வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட உரிமையாளரிடம் அனுமதி கேட்டு வாழ்ந்த அவளுக்கும் அவள் கணவனுக்கும் அந்த வீடு பார்த்த உடனே பிடித்துவிட்டது. பிடித்துப்போனதால்தான் அவளுக்குப் பயம் வந்தது. பத்திரங்களை வக்கீல் பார்த்தார். வில்லங்கம் எதுவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார்.

"அப்புறம் என்ன?" என்றான் கணவன்.

"காகிதம் சரி. மண்ணு சரியான்னு பாக்க வேணாமா?"

"ரொம்ப நோண்டினா எந்த வீடும் தேறாது, மேடம்" என்று தரகர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு நில அளவையரை அழைத்து வந்தாள்.

அளவையர் நாடாவை இழுத்துக்கொண்டு கடைசி அறையின் மூலைக்குப் போனார். அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் காதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியிலிருந்து பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் வந்தது. "மூணடி கூடுதலா இருக்குன்னு சொல்றாரும்மா. குறிச்சுக்கோ."

வேலையை முடித்து அளவையரை அனுப்பிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு அவள் அந்த அம்மாவிடம் போனாள். நடந்ததை அவர் அரிசி களைந்தபடியே சொன்னார். முன்பு இரண்டு வீட்டுக்கும் நடுவில் வெறும் வேலிதான் இருந்தது. அந்த அம்மாவின் குடும்பம் வெளியூர் போயிருந்த சமயத்தில், இப்போது விற்கிறவரின் அப்பா வேலியைப் பிடுங்கி மூன்றடி தள்ளிச் சுவர் வைத்து, அந்த மண்மேல் அறையும் கட்டிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் மண் தன் சொந்தக்காரரை மறக்கவில்லை. தன்மீது பேசியதையெல்லாம் இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

"கேக்கக் கூடாததெல்லாம் கேட்டிருக்கேன். எதையும் வெளிய விட்டதில்ல" என்றார் அந்த அம்மா.

அப்போது அடுப்பங்கரைச் சுவரிலிருந்து ஒரு கிழவியின் குரல், யாரையும் கடிந்துகொள்ளாத குரல், "கொஞ்சம் தண்ணி குடுப்பா" என்றது. பல் கட்டுகிறவள் கைப்பையைத் திறந்து பார்த்தாள். பூட்டிய வீட்டின் சாவி அதில்தான் இருந்தது.

"வீட்ட விக்கிறவரோட அம்மா. போய்ச் சேந்து வருஷமாச்சு. கடைசியாக் கேட்டத மட்டும் மண்ணு விடாமச் சொல்லிக்கிட்டே இருக்கு" என்றார் அந்த அம்மா, கேட்காமலே.

விற்கிறவர் லாரி வைத்திருந்தவர். ஊருக்கெல்லாம் உரக்கப் பேசுகிறவர். அளவு தவறு, சுவர் தவறு என்று அவள் சொன்னதும் ஆளையே அடித்துவிடுபவர்போல் எழுந்தார். அவள் மல்லுக்கு நிற்கவில்லை. "ஒரு நிமிஷம் பக்கத்து வீட்டுக்கு வாங்க. அப்புறமும் நான் சொல்றது தப்புன்னா, கேட்ட விலைக்கு இப்படியே வாங்கிக்கிறேன்" என்றாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து மிதிக்காத அந்த வாசலை அவர் முறுக்கிக்கொண்டே மிதித்தார். அடுப்பங்கரையில் நின்றார். குரல் வந்தது. அவர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவின் கட்டிலை அந்தச் சுவரோரம் போட்டவர் அவர்தான், காற்று வரும் என்று. அம்மா கூப்பிட்டதே இல்லை, தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தவர்.

உட்கார்ந்தபடியே அந்த அம்மாவிடம், "அம்மா போன அன்னிக்கு எங்க கதவ அந்தத் தட்டு தட்டினீங்களே, இதுக்கா?" என்று கேட்டார்.

"வேற எதுக்குப்பா தட்டப்போறேன்?"

"சுவர் சண்டைக்கு வந்தீங்கன்னு நெனச்சுத் தெறக்கல."

அந்த அம்மா ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்தார். அவரால் குடிக்க முடியவில்லை.

அதன்பிறகு தடையேதும் இல்லை. அந்த அறை இடிந்தது, சுவர் பின்னால் போனது, புதிய எல்லைக்கல் நடப்பட்டது, பத்திரம் சரியான அளவோடு பதிவானது. கடப்பாரையை வேலையாட்களிடம் கொடுக்காமல் விற்கிறவரே பிடித்தார். வீட்டை ஒப்படைத்த நாளில் அந்த மூன்றடி மண்ணில் தண்ணீர் ஊற்றினார். மண் ஊற்ற ஊற்றக் குடித்தது. குரல் நிற்கவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை வாரம் தவறாமல் வந்தார், உரக்கப் பேசுவதை விட்டுவிட்டார்.

பல் கட்டுகிறவள் ஒரு அறை குறைந்த வீட்டில் குடியேறினாள். பக்கத்து வீட்டு அம்மா மகளிடம் போய்த் தங்கும் மாதங்களில் அந்தக் குரலைக் கவனிக்கும் பொறுப்பு அவளுடையதாயிற்று. "தண்ணி ஊத்தணும்னுகூட இல்லம்மா. யாராவது ஒரு வார்த்த பதில் சொன்னா அடங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். முதலில் அவள் வேலையை விட்டு எழுந்துபோய்ப் பதில் சொன்னாள். பிறகு கையில் பல் அச்சின் சாந்து காய்ந்துகொண்டிருக்கும்போதே, அரத்தைக் கீழே வைக்காமல், ஜன்னல் பக்கம் திரும்பி, "இதோ வரேம்மா" என்பாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கணவன் யாரென்று கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டான்.