கடப்பாரை நின்ற குழி

கட்டடம் கட்டி முடித்த இடத்தில் மண் என்று ஒன்று மிஞ்சுவதில்லை. உடைந்த செங்கல், இறுகிப்போன சிமெண்ட், துருப்பிடித்த கம்பி, பெயிண்ட் டப்பா, இவைதான் மிஞ்சும். அந்த அலுவலகத்தின் பின்புறத்தைத் தோட்டமாக்க வந்தவர்கள் அக்காவும் தம்பியும். குப்பையை வாரிக் கொட்டி, செம்மண் பரப்பி, பூச்செடிகளுக்குப் பாத்தி பிரித்தாகிவிட்டது. மிச்சம் மரங்கள்தான்.

மரங்களுக்கு இன்ஜினியர் வரைபடம் கொடுத்து, முளைக்குச்சியும் அடித்துக் காட்டியிருந்தார். சுவரை ஒட்டி ஒரே வரிசை. அக்கா அங்கே நின்று அண்ணாந்து பார்த்தாள். நாள் முழுக்கக் கட்டடத்தின் நிழல் விழும் இடம். கன்று வெளிறிச் செத்துப்போகும். குச்சிகளைப் பிடுங்கி நடைபாதைப் பக்கம் தள்ளி அடித்து நூல் கட்டினாள்.

"இன்ஜினியர் கத்தப்போறாரு," என்றான் தம்பி.

"மரம் செத்தா மட்டும் கொஞ்சுவாரா?"

"அது சரி. ஆனா உன் கோடு உன் தலை வகிடு மாதிரியே கோணலா இருக்குக்கா."

"வாயைக் குறைச்சிட்டுக் குழியைத் தோண்டு."

தரை இறுகிக் கிடந்தது. அதனால் அரைகுறையாகத் தோண்டிய குழிகளில் முந்தின சாயங்காலமே அவள் தண்ணீர் நிரப்பி வைத்தாள். காலையில் மண் குழைந்து வந்தது. சேற்றில் செருப்பு ஒட்டுகிறது என்று தம்பி வெறுங்காலோடு இறங்கினான். கடைசிக் குழியில் இடுப்பளவு போனதும் கடப்பாரை ணங்கென்றது.

"செங்கல் தட்டுதுக்கா. அடுக்கி வச்ச மாதிரி இருக்கு."

"இந்த எடத்துல செங்கல் இல்லாத குழி எது? ஓங்கிக் குத்து."

ஓங்கிக் குத்தினான்.

யாரோ நெஞ்சில் உதைத்ததுபோல் கடப்பாரையை விட்டுவிட்டுக் குழிச்சுவரில் போய் ஒட்டிக்கொண்டான். கடப்பாரை நட்டநடுவில் லேசாக ஆடியபடி நின்றது.

"என்னடா?"

"கிட்ட வராத." அது அவன் குரல் மாதிரியே இல்லை. "கீழ கரண்டு."

அதற்குள் அவள் கையை நீட்டியிருந்தாள்.

"கையை எடு! காலெல்லாம் சுருசுருங்குது. தொட்டேன்னா ரெண்டு பேரும் போயிடுவோம்."

உடைந்த செங்கலுக்குக் கீழே, மணலுக்குள் கறுப்பாக ஒரு கேபிள் தெரிந்தது. குழிக்குள் இருந்த ஈரம் அவள் ஊற்றியது. கடப்பாரைக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"அசையாதடா. மூச்சுகூட மெதுவா விடு."

வாட்ச்மேனிடம் ஓடினாள். "ஐயா, கரண்டை நிறுத்துங்க! தம்பி குழிக்குள்ள மாட்டிக்கிட்டான்!"

அவர் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். மீட்டர் ரூம் பூட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். "இது இல்ல... இதுவும் இல்லம்மா..."

"உடைங்கய்யா கதவை!"

ஒரு சாவி திரும்பியது. உள்ளே போய்ப் பெரிய சுவிட்சை இழுத்துவிட்டார். கட்டடம் முழுக்க இரைந்துகொண்டிருந்த ஏசிகள் அடங்கின.

"நின்னுடுச்சு! ஏறச் சொல்லு!"

"நின்னுடுச்சுடா! ஏறு!" என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடினாள்.

குழி தோண்டுகிறவன் மேலே வருவதற்கு ஒரே வழிதான் வைத்திருக்கிறான். ஊன்றி நிற்கும் கடப்பாரையைப் பிடித்து எம்புவான். யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும். தம்பியின் கையும் போனது.

கட்டடத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ இருமியது. இருமல் உறுமலானது. மேல்மாடி ஜன்னல்களில் விளக்கு எரிந்தது.

"தொடாதடா! ஜெனரேட்டரு!"

கை நின்றது. கடப்பாரைக்கும் விரலுக்கும் நடுவே காகிதம் நுழையும் இடம்தான் இருந்தது. அவன் அந்தக் கையை மெல்ல மெல்ல நெஞ்சுக்கு இழுத்து, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான். அவனுடைய கையை அவனே நம்பவில்லை.

"ஐயா, அதையும் நிறுத்துங்க!"

"அது தானா ஓடுற மிஷினும்மா! எனக்கு நிறுத்தத் தெரியாதே!" அவர் அழுதுவிடுவார் போலிருந்தது.

வெயிலில் காய்ந்து கிடந்த சாரப் பலகையை அவள் இழுத்துவந்தாள். இடித்துவிட்டால் கடப்பாரை அவன்மேலேயே சாயும். உள்ளங்கை வியர்வையில் பலகை வழுக்கியது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் பக்கமாகவே சரிவாக இறக்கினாள்.

"கடப்பாரையைப் பார்க்காத. என்னைப் பாரு."

"உன்னைப் பார்த்தாலும் பயமாத்தான்க்கா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றைப் பலகையோடு தேய்த்துக்கொண்டு அவன் ஏறினான். கால்சட்டை விளிம்பு கடப்பாரையைத் தாண்டும்வரை அவள் கண்ணைச் சிமிட்டவில்லை. மேலே வந்ததும் அவன் காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். சேறும் சூடும் இருந்தன.

எலக்ட்ரீஷியன் வந்து எல்லாவற்றையும் நிறுத்திக் கேபிளைச் சரிசெய்தார். இன்ஜினியரும் வந்து கத்தினார். "மோட்டார் ரூமுக்குப் போற கேபிள் அது, மேல செங்கல் அடுக்கிப் புதைச்சிருக்கு. அதுக்காகத்தானே மரத்தைச் சுவரோரம் போட்டேன்? யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

அதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று தம்பி முணுமுணுத்தான். அக்கா குச்சிகளைப் பிடுங்கிப் பழைய இடத்தில் அடித்தாள்.

மறுநாள் சுவரோரம் முதல் குழி. முழங்கால் ஆழத்தில் கடப்பாரை ணங்கென்றது.

"ஏறுடா."

"கல்லுதான்க்கா."

"எதுவா இருந்தாலும் ஏறு."

அவன் கடப்பாரையை எட்டி வீசிவிட்டு அவள் கையைப் பிடித்து ஏறினான். அவள் குப்புறப் படுத்து, காய்ந்த குச்சியால் மண்ணைச் சுரண்டினாள். கல்தான். அதைப் புரட்டித் தள்ளிய பிறகும் எழுந்திருக்கவில்லை. கல் இருந்த பள்ளத்தை இன்னும் கொஞ்சம் சுரண்டினாள்.