டிக்கியில் வந்தவர்களின் மறியல்

நெடுந்தூரப் பயணத்துக்கு மாற்றுப் பாகம் எடுத்துப் போவதென்றால், முதலில் காரில் ஓடிக்கொண்டிருக்கும் பாகத்திடம் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் எடுத்துப் போனால் அதற்குக் கோபம் வரும். லாரிகள் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ரோஷம் அதிகம்.

எங்களுடையது சிவப்பு நிறத்தில், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிவிடக்கூடிய பழைய கார். எங்களுடையது என்று பேச்சுக்குச் சொல்கிறேன். கார் என் மனைவி பகவதியுடையது. ஓட்டுவதும் அவள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன், ஏதாவது கெட்டால் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன்.

கோயம்புத்தூரிலிருந்து நாகர்கோவிலுக்குப் போக வேண்டியிருந்தது. பகவதியின் அக்கா நீலம்மைக்கு அன்று மாலை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம். மாப்பிள்ளை தாணுமூர்த்தி, பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவுக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. தங்கையின் சிவப்புக் காரில்தான் கல்யாணத்துக்குப் போவேன் என்று சொல்லியிருந்தாள்.

விடிந்ததும் பானெட்டைத் திறந்து, வாங்கி வைத்திருந்த மாற்றுப் பாகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினோம். ஸ்பார்க் பிளக்குகள் மறுப்புச் சொல்லவில்லை. ரேடியேட்டர் ஹோஸ் தன் மாற்றைப் பார்த்துவிட்டு, "ரப்பர் நல்லாத்தான் இருக்குது, வரட்டுமுங்க" என்றது. கிளட்ச் கேபிள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, பிறகு சம்மதித்தது. ஃபேன் பெல்ட் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, நான் உசுரோட இருக்கறப்பவே அடுத்த ஆளைக் கூட்டியாந்து நிறுத்தறீங்களே, இது நல்லாருக்குதுங்களா?"

"எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றேன்.

"யாரோட பாதுகாப்புக்குங்க?"

பகவதி புது பெல்ட்டை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

கருவிகளிடம் இந்தத் தொல்லை கிடையாது. ஜாக்கி, வீல் ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாம், ஆட்சி மாறினாலும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்கள் மாதிரி. யார் கையில் எடுத்தாலும் வேலை செய்யும். யாருக்காகவும் பேசாது. அவற்றையும் பையில் போட்டு, மாற்றுப் பாகங்களுக்குப் பக்கத்தில் வைத்து, டிக்கியை மூடினோம்.

தாராபுரம், திண்டுக்கல், மதுரை எல்லாம் தாண்டினோம். ஒரு பல்புகூடப் போகவில்லை. விருதுநகரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தபோது நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"ஒண்ணுமே கெடலை பாரு. இந்தச் சாமானையெல்லாம் வீணா சுமந்துட்டு வந்திருக்கிறோம்."

பின்னால் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பகவதி கண்ணாடியில் பார்த்தாள்.

கயத்தாறு தாண்டியதும் டிக்கி தானாகத் திறந்துகொண்டது. கார் நின்றது. மாற்றுப் பாகங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஸ்டெப்னி டயர் உருண்டுபோய் நடுரோட்டில் குறுக்கே படுத்தது. ஹோஸ் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. பிளக்குகள் வெள்ளைக்கோட்டின்மேல் வரிசையாக நின்றன. எங்களுக்குப் பின்னால் லாரிகளும் பஸ்களும் நிற்கத் தொடங்கின.

முதல் லாரியின் டிரைவர் இறங்கி வந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"என்ன கோரிக்கை?"

புது கிளட்ச் கேபிள் எழுந்து பேசியது. கோபத்தில் அதன் உடம்பு முழுக்க விறைத்திருந்தது.

"வீணா சுமந்துட்டு வந்தாராமுங்க! கடையில சும்மா தொங்கிட்டிருந்த எங்களை வா வான்னு கூட்டியாந்தது யாருங்க? இருட்டுல போட்டு மூடினாங்க. ஒவ்வொரு குழியிலயும் ஜாக்கி மேல விழுந்து விழுந்து வந்தோம். ஒருத்தராவது டிக்கியைத் தட்டி, உள்ள எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்களா?"

"கேட்கலையா?" என்று டிரைவர் என்னைப் பார்த்தார்.

எனக்கும் கோபம் வந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸை மூடிவிடுவார்கள். "நீங்க தேவைப்படலைன்னா பயணம் நல்லா நடக்குதுன்னு அர்த்தம். அதுதான் உங்களுக்குப் பெருமை" என்றேன்.

"அந்தப் பெருமையை நீங்களே வெச்சுக்கங்க" என்றது ஸ்டெப்னி.

"நியாயம்தான்" என்று சொல்லிவிட்டு டிரைவர் லாரிக்கு அடியில் நிழலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பகவதி கூலிங் கிளாஸைக் கழற்றினாள். அவள் திட்டப்போவது அவற்றைத்தான் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பினாள்.

"எங்க அக்காகிட்டயும் வீட்ல இப்படித்தான் பேசினாங்க. பெருமைன்னாங்க. அப்பாவுக்கு ஒரு ஆள் கைவசம் இருக்கட்டும், அம்மாவுக்கு ஒரு ஆள் கைவசம் இருக்கட்டும்னு வந்த வரனையெல்லாம் திருப்பி அனுப்பினாங்க. நான் கட்டிக்கிட்டுப் போனேன். அவ வீட்டோட கிடந்தா. கடைசியில ரெண்டு பேரும் ஒரு நாள்கூடப் படுக்கையில விழாமப் போய்ச் சேர்ந்தாங்க. ஒரு டம்ளர் கஞ்சி காய்ச்சிக் குடுக்கக்கூட அவ தேவைப்படலை. அவகிட்ட போய்ச் சொல்லுவீங்களா, நீ வீணா இருந்தேன்னு?"

அவள் கூலிங் கிளாஸைச் சீட்டில் போட்டாள்.

"டூல் பையை எடுங்க."

ரோட்டோரத்தில் காரை ஒதுக்கி வேலையைத் தொடங்கினோம். எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து ஹோஸை மாற்றினோம். பிளக்குகளைக் கழற்றிப் புதியவற்றைப் போட்டோம். கிளட்ச் கேபிள்தான் அதிக நேரம் எடுத்தது. அதுவே உள்ளேயிருந்து, "இன்னும் கொஞ்சம் இழுங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியாக ஜாக்கி போட்டு, பின்பக்கம் ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டினேன். நட்டு இறுகும்போது அது மூச்சை இழுத்து விட்டது. லாரிகள் ஹார்ன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போயின.

அடுத்த தகராறு உடனே வந்தது. கழற்றிய பாகங்கள் டிக்கியில் ஏற மறுத்தன.

"அந்த ரப்பர் நல்லாருக்குதுன்னு மொதல்ல சொன்னவனே நானுங்க" என்றது பழைய ஹோஸ். சொல்லும்போதே அதன் வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அதுக்கு இதுதான் மரியாதையா?"

"இனிமே இந்தக் கார்ல யாரும் டிக்கியில வர வேண்டாம்" என்று பகவதி சொல்லிவிட்டாள்.

டூல் பை மட்டும் டிக்கியில் போனது. மற்றதெல்லாம் என் மடிக்கு வந்தது. கழற்றிய சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டேன். பிளக்குகள் சட்டைப் பையில் கரியோடு இருந்தன. கல்யாணத்துக்கென்று போட்ட வெள்ளைச் சட்டை அது. என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஃபேன் பெல்ட் மட்டும் வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தது.

திருநெல்வேலியைத் தாண்டும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பகவதி இரண்டு முறை அக்காவுக்குப் போன் செய்யச் சொன்னாள். மணி அடித்தது, எடுக்கவில்லை.

"இன்னைக்கும் காத்திருக்கா" என்றாள். "அவ கல்யாணத்தன்னைக்கும் அவதான் காத்திருக்கா." ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். வள்ளியூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

ஆரல்வாய்மொழியில் காற்று காரையே ஒரு பக்கமாகத் தள்ளியது. காற்றாலைகளுக்கு நடுவே, எதிரே அக்காவின் வீடு வந்துகொண்டிருந்தது. ஓட்டு வீடு, பச்சை ஜன்னல்கள், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிச் செம்பருத்தி. ரோட்டின் ஓரமாக நிதானமாகத்தான் வந்தது. எங்களைப் பார்த்ததும் நின்றது. வாசற்படியில் நீலம்மை அக்கா அரக்குப் பட்டுச் சேலையில் நின்றிருந்தாள்.

"ஏட்டி, எவ்வளவு நேரம்?"

"யக்கா, வழியில மறியல்."

"இருக்கட்டும். நான் ஜன்னல்கிட்ட நின்னு ரோட்டைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் எனக்கே ஆத்திரமா வந்துது கேட்டியா. எத்தனை வருசந்தான் இந்த வீட்ல நின்னு ரோட்டைப் பாக்குறது? கிளம்புன்னு சொன்னேன், கிளம்பிட்டுது."

"அத்தான் எங்க?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல மாலையும் கையுமா நிக்காரு. நிக்கட்டும். எனக்காகவும் ஒரு ஆளு கொஞ்ச நேரம் நிக்கட்டுமே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பகவதி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட் வழியாகக் காரை உள்ளே விட்டு, முற்றத்தில் நிறுத்தினாள்.

நான் மடியிலிருந்த சக்கரத்தோடு இறங்கினேன். அக்கா சேலையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு என் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்றாள். நான் சமையலறைக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது வீடு மெல்லத் திரும்பி நாகர்கோவிலைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. தோவாளையில் பூ வாங்குவதற்காகக் கொஞ்ச நேரம் நின்றது.