பதினாறு பக்கம் மீதி

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு நூலகம் நான்கு மாதங்களில் மூன்று முறை திறந்து வைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் விருந்தினர் வேறு. ரிப்பன் மட்டும் ஒன்றே. வெட்டிய இடத்தில் முடிச்சுப் போட்டு நூலகக் குழுத் தலைவர் புவனேந்திரன் பத்திரப்படுத்தியிருந்தார்.

புத்தகங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன. சாவி தலைவரின் இடுப்பில் இருந்தது. பிள்ளைகளின் கை பட்டால் புத்தகம் அழுக்காகும் என்பது அவர் கருத்து. ஆனால் விழா என்றால் படம் வேண்டும். படத்தில் பிள்ளைகளின் கையில் புத்தகம் வேண்டும். அந்த ஐந்து நிமிடம் மட்டும் அது நூலகமாக இருந்தது.

ஏழாம் தரத்தில் படிக்கும் சிவசக்தி ஒரு கழுதைக் கதையை மூன்று விழாக்களில் முப்பத்திரண்டாம் பக்கம் வரை வாசித்திருந்தாள். விற்கப்பட்ட கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு, ஏழு ஊர் தாண்டி, பழைய வீட்டுக்கு நடக்கிறது. இன்னும் பதினாறு பக்கம் மீதி.

ரியாத்தில் வீட்டு வேலை செய்யும் அம்மா வெள்ளிக்கிழமைகளில் போனில் பேசுவாள். முதலில் கழுதையைத்தான் விசாரிப்பாள். போன வெள்ளி சொன்னாள்:

"அடுத்த வாரத்தோட சரி புள்ள. மேடத்தோட தங்கச்சி வீட்டுக்கு அனுப்புறாங்க. அங்க எம் போன வாங்கி வச்சுக்குவாங்களாம். எப்ப குடுப்பாங்கன்னு தெரியாது. கழுத வீட்டுக்கு வந்துச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லிரு."

புதன்கிழமை சிவசக்தி தலைவரிடம் போனாள்.

"தலைவரே, அந்தக் கழுதப் புத்தகம், ஒரு நாளைக்கு மட்டும்..."

"கழுதைக்கு எதுக்குக் கழுதப் புத்தகம்? நாளைக்கு விழா. புத்தகமெல்லாம் புதுசாத் தெரியணும்."

வியாழன், நான்காவது திறப்பு விழா. கொழும்பிலிருந்து ஓர் அம்மையார் வந்து முடிச்சுக்குப் பக்கத்தில் வெட்டினார். பிள்ளைகள் வாங்குப் பலகைகளில் வரிசையாக அமர்ந்தார்கள். சிவசக்தி கேட்டுக் கெஞ்சிக் கழுதையை வாங்கிக்கொண்டாள். பதுளையிலிருந்து வந்த படக்காரர் றுஷ்தி கமராவைத் தூக்கினார்.

"வாசிக்கிற மாதிரிப் பாருங்க புள்ளைகளே."

சிவசக்தி வாசித்தாள். அவர் விரல் அசைந்தபோது வாயைப் பிளந்து கொட்டாவி விட்டாள்.

"தங்கச்சி, கொட்டாவி விழுந்துட்டு. இன்னொன்னு எடுப்பம்."

பக்கம் முப்பத்தைந்து. அடுத்த படத்தில் மறுபடியும் கொட்டாவி. பக்கத்தில் இருந்த நிஷாந்தினிக்கு விளங்கிவிட்டது. அவள் புத்தகத்திலும் ஆறு பக்கம் மீதி இருந்தது. மூன்றாவது படத்தில் அவள் தும்மினாள். நான்காவதில் பின்வரிசை முழுவதும் தலையைச் சொறிந்தது.

"அடுத்து யாருடி?" நிஷாந்தினி உதடு அசையாமல் கேட்டாள்.

"நீயே இருமு. இப்பத்தான் ஆத்தக் கடக்குது."

"சனியன்களா, நேரா இருங்க!" தலைவர் பல்லைக் கடித்தார். பிறகு அம்மையாரைப் பார்த்துச் சிரித்தார். அம்மையாரின் தேநீரில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"என்ன றுஷ்தி, ஒரு படம் எடுக்க இவ்வளவு நேரமா?"

"நான் என்ன செய்ய தலைவர்? புள்ளைகள் நெசமாவே வாசிக்குதுகள். நடிக்கத் தெரியல்ல."

பதினோராவது படம் வீணானபோது சிவசக்தி கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். கழுதை வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே விளக்கு எரிகிறது. கழுதை நின்று யோசிக்கிறது. புதிய எசமான் வருந்துவாரே என்று திரும்பி, வந்த வழியே நடக்கிறது. கீழே கொட்டை எழுத்தில் இருந்தது: நீதி - வைத்த இடத்தில் மகிழ்ந்திரு.

அவள் கொட்டாவி விட மறந்தாள். றுஷ்தி எடுத்துவிட்டார்.

அந்தப் படம்தான் ஞாயிறு பத்திரிகையில் வந்தது. 'வாசிப்பில் திளைக்கும் மலையகச் சிறார்.' நடுவில் ஒரு சிறுமி, புத்தகத்தைக் கடிக்கப் போகிறவள் போல அதை முறைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு இரண்டு நாள் முன்பே அம்மா பேசியிருந்தாள்.

"கழுத வந்துச்சா?"



"வந்துருச்சும்மா. கதவ ஒதச்சுத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துச்சு. வாங்குன ஆளு தேடிக்கிட்டு வந்தான். அவனுக்கும் ஒரு ஒத."

அம்மா சத்தமாகச் சிரித்தாள். பின்னால் யாரோ அரபியில் அதட்டினார்கள். அம்மாவின் குரல் தாழ்ந்தது.

"நீயாச் சொல்றியா, புத்தகத்துலயே அப்பிடித்தான் போட்டிருக்கா?"

"புத்தகத்துலயே போட்டிருக்கும்மா. கடைசிப் பக்கத்துல. கொட்டை எழுத்துல."