சட்டைத் துணி கட்டிய தொட்டி

பொது எருக்குழி என்றதுமே வேண்டாம் என்று சொன்னவன் நான். எல்லார் வீட்டுச் சாணத்தையும் ஒன்றாகக் கொட்டினால் எவன் எதைக் கலப்பான் என்று யார் கண்டது? என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. மழை வந்தால் ஒரேயடியாகக் கொட்டி மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகிறது. இல்லாவிட்டால் மாதக்கணக்கில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. போன கோடையில் எங்கள் தெருக்காரர்களின் தோட்டம் மொத்தமும் கருகியது. அதற்கப்புறம்தான் கூடிப் பேசினார்கள். சாணமும் சருகும் வீட்டுக்கு வீடு வாங்கி மட்க வைப்பது, மண்ணில் ஈரம் தங்கும்படி எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வது, எவரும் மருந்து அடிப்பதில்லை. குழியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் மருமகளுக்கு வந்தது. மகன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் தங்குவதே அபூர்வம். அவளுக்கு அந்தக் குழிதான் எல்லாம்.

இந்த முறை அவரை முளைத்து வந்ததும் இலையெல்லாம் சுருண்டு கிண்ணம் மாதிரி ஆனது. குழி எரு போட்ட பாத்தி அத்தனையிலும் அதே கதை. தக்காளியும் அப்படியே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் சோளம் மட்டும் போடுகிறவன். உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. சொன்னேன் பார்த்தீர்களா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பம்பு மெக்கானிக் எல்லாரையும் குழிமேட்டில் கூட்டினான். "மூடிட வேண்டியதுதான். இந்தப் பொண்ணு சரியா மட்க வைக்கல போல."

மருமகள் தலையைக் குனிந்து நின்றாள். அவள் நகக்கண்ணெல்லாம் எருவின் கறுப்பு.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"அவமேல ஏன்யா பழி போடறீங்க? எவனோ கள்ள வேலை பண்ணியிருக்கான். வீட்டுக்கு வீடு சாணத்தைத் தனித்தனியா எடுங்க. தொட்டி மண்ணுல கலந்து அவரையைப் போடுங்க. எது சுருளுதோ அந்த வீட்டுக்காரன்தான் திருடன்."

"பெரியப்பா போலீஸ்ல இருந்திருக்கணும்" என்றான் மெக்கானிக்.

"இருந்திருந்தா உன்னத்தான் மொதல்ல பிடிச்சிருப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் தெருத் தையல்காரி மட்டும் என்னையே பார்த்தாள். "எங்க மாட்டுச் சாணத்தையும் எடுங்கண்ணே. இல்லன்னா அதுக்கும் ஒரு சந்தேகம் வரும் உங்களுக்கு."

எனக்கும் எழுத்துக்கும் ஆகாது. இன்னும் பலருக்கும் அப்படித்தான். அதனால் பெயர் எழுதாமல், அடையாளத்துக்கு ஆளுக்கொரு துணியைத் தொட்டியில் கட்டினாள் தையல்காரி. அவளுடையது மஞ்சள் பூப்போட்டது. என்னுடையது என் பழைய சட்டையில் கிழித்தது.

தினமும் போய்ப் பார்த்தேன். என்னத்தைப் பார்த்தேன்? மஞ்சள் துணியை மட்டும்தான். அவள் வெளியில் வைக்கோல் வாங்குகிறவள், அதில் எவன் என்ன அடித்தானோ, சிக்கப்போகிறவள் அவள்தான் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஒரு காலையில் பக்கத்துத் தொட்டியில் இலை சுருண்டிருந்தது. என் சட்டைத் துணி.

அப்போதுதான் அந்த மருந்து நினைவுக்கு வந்தது. என் வரப்புப் புல்லில் களை மண்டியபோது உரக்கடைக்காரன் ஒரு களைக்கொல்லி மருந்து கொடுத்தான். "புல்லுக்கு ஒண்ணும் ஆகாது பெரியவரே, அகல இலைச் செடிதான் சாகும்." மருந்து அடிக்காமல் இருப்பது ஏமாளிகளுக்கு என்று நினைத்து, ஒருவருக்கும் தெரியாமல் அடித்தேன். புல் பச்சையாகவே நின்றது. மாடு தின்றது, மாட்டுக்கும் ஒன்றுமில்லை. அதன் வயிற்றைத் தாண்டியும் அந்த விஷம் உயிரோடு வரும் என்று நினைக்கவில்லை. அவரையும் அகல இலைதானே.

என் கை தானாகச் சட்டைத் துணியை அவிழ்த்தது. பிறகு மஞ்சள் துணியின் முடிச்சுக்குப் போனது.

"மாமா."

கூடையோடு நின்றாள் மருமகள். என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"எதுல அடிச்சீங்க?"

"வரப்புப் புல்லுல."

"நான்தானே அதை அறுத்து மாட்டுக்குப் போட்டேன்."

துணியை என்னிடமிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே கட்டினாள்.

ஆட்கள் வந்து சேர்ந்ததும் அவளே முந்திக்கொண்டாள். "எங்க வீடுதான். புல்லுக்கு மருந்து அடிச்சது நான்."

மெக்கானிக் முகம் மாறியது. "குழியைப் பார்த்துக்கற ஆளே இப்படியா? இனிமே நீ இந்தப் பக்கம் வர வேணாம்."

நான் நின்றேன். பேசாமலே இருந்தால் முடிந்துபோயிருக்கும். வெட்கத்தைச் சொல்லாமல் மறைப்பதில் என்ன பலன், சொல்கிறேன்: கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தேன். அவள் குழியோரத்துச் சல்லடையை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினாள். அதைப் பார்க்க முடியவில்லை.

"பொய் சொல்றா. அடிச்சவன் நான். துணியை மாத்தி இந்தத் தையக்காரம்மா தலையில கட்டப் பார்த்தவனும் நான்தான்."

காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். துப்பியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன். எவரும் துப்பவில்லை. மெக்கானிக் சல்லடையை அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"இப்ப இந்த எருவை என்னம்மா பண்றது?"

"சோளமும் புல்லு வகைதான், ஒண்ணும் ஆகாது. மொத்தத்தையும் எங்க நிலத்துல கொட்டிடலாம். எங்க சாணம் இனி குழிக்கு வேணாம்."

நான் கெடுத்த எருவை என் நிலத்துக்கு அவர்களே சுமந்தார்கள். தையல்காரி கூடையோடு எதிரே வந்தாள்.

"வழியில நிக்காதீங்கண்ணே. ஒரு கூடையை எடுங்க."

எடுத்தேன். நடைக்கு நடை அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. என் சட்டைத் துணியை மருமகள் நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தாள்.