வேம்படியில் ஒரு ஜோடி ஷூ

பள்ளிக்கூட வாசலில் மகளின் கையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு மாரிராஜ் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பார்த்தால் பிள்ளை அழும் என்று மனைவி அருணாசலவடிவு சொல்லியிருந்தாள். சொன்னவள் இறால் கம்பெனி வேனில் ஆறு மணிக்கே தூத்துக்குடிக்குப் போய்விட்டாள்.

சொல்ல வேண்டிய ஒன்றை அவன் சொல்லாமல் வந்துவிட்டான். வாய்க்கால் கரை நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததுதான். செல்வி வெளியாட்களிடம் வாய் திறக்க மாட்டாள். ஒண்ணுக்கு வந்தாலும் கேட்க மாட்டாள். போன வருஷம் அங்கன்வாடியில் கேட்காமலே இருந்து, உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அந்தத் தெருப் பக்கமே அவள் போகவில்லை. ஜீவமணி டீச்சர் வெளியூர், நாசரேத்துக்காரர். கஞ்சி போட்ட சேலை, கையில் பேனா. பிள்ளை பெயர் கேட்டார். சுடலைச்செல்வி என்றான். பிறந்த தேதி கேட்டார். சொன்னான். வேறு ஏதும் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினான்.

அவன் வேலை பார்க்கும் வெற்றிலைக் கொடிக்கால் ஒரு வயல் தள்ளி இருந்தது. வேலி வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனான். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்குள் யாரும் செருப்புக் காலோடு நுழைவதில்லை. நுழைந்தால் கொடி பட்டுப்போகும் என்பார்கள். செல்வி நடக்கப் பழகியதே அந்த வரப்புகளில்தான். அன்று கொடி படரும் அகத்தி மரத்தோடு கொடியைச் சேர்த்துக் கட்டும் வேலை. இறுக்கிக் கட்டி இரண்டு கொடிகளை ஒடித்தான். கொடிக்கால்காரர் ஆவுடையப்பன் அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலே, பிள்ளைய விட்டுட்டு வந்தியா, இல்ல நீ ஒண்ணாப்புல சேந்துட்டு வந்தியா?”

எல்லோரும் சிரித்தார்கள். மாரிராஜும் சிரிக்கப் பார்த்தான். பள்ளிக்கூடப் பக்கமிருந்து காற்று வரும்போதெல்லாம் கட்டுவதை நிறுத்திக் கேட்டான். பிள்ளைகளின் சத்தம் மொத்தமாக வந்தது. யார் சிரிக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும், போய்ப் பார்த்துவிட்டு வா என்று அண்ணாச்சியே சொன்னார்.

பள்ளிக்கூட வாசலுக்குள், வேம்படியில், ஒரு ஜோடி கறுப்பு ஷூ கிடந்தது. வடிவு வாங்கி வந்தது. வளரும் பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக எடுத்திருந்தாள். பக்கத்தில் யாருடையதோ ஒரு ஜோடி செருப்பு. மகளைக் காணோம். அந்த ஷூவோடு அவளால் ஓட முடியாது. கழற்றிப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். பின்னால் வாய்க்கால். தண்ணீர் திறந்து நான்கு நாள் ஆகிறது. செருப்பை அங்கேயே உதறிவிட்டு அவன் ஓடினான்.

கட்டிடத்தைச் சுற்றும்போது வராந்தாவைப் பார்த்தான். பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவதாகச் செல்வி. வெறுங்கால். பாவாடை காய்ந்தே இருந்தது. பக்கத்துப் பிள்ளையின் முட்டையைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவனை அவள் பார்க்கவில்லை.

டீச்சர் எழுந்து வந்தார். காலையில் வாசலிலேயே செல்வி ஷூவைக் கழற்றிவிட்டாளாம். போட்டுக்கொண்டே வரலாம் என்றதற்கு நகரவில்லையாம். ஏன் என்று கேட்டுவிட்டு டீச்சர் குனிந்தபடியே நின்றிருக்கிறார். வரிசையில் பின்னால் வந்தவர்களும் நின்றிருக்கிறார்கள்.

“ரொம்ப நேரம் கழிச்சுச் சொல்லுதா, ‘போட்டுட்டுப் போனா உள்ள இருக்கதெல்லாம் பட்டுப்போவும் டீச்சர்’னு. நானும் கழத்திப் போட்டுட்டேன்.”

மாரிராஜ் கீழே பார்த்தான். டீச்சரும் வெறுங்காலோடுதான் நின்றார்.

“அதுக்கப்புறம் வாய் ஓயல. ரெண்டு தடவ கேட்டு ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டா.”

காலையில் சொல்லாமல் விட்டதை இனிச் சொல்ல வேண்டியதில்லை. வேறு ஏதோ சொல்ல வேண்டும்.

“டீச்சர், வெத்தல போடுவியளா?”

டீச்சர் சிரித்துவிட்டார். “நான் போட மாட்டேன். எங்க அத்த போடுவாவ. கொண்டாங்க.”

கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி வருகிறேன் என்றான். அதை இரண்டு தடவை சொன்னான்.

கொடிக்கால் வாசலுக்கு வந்து, வழக்கம்போலச் செருப்பை விடக் காலை உதறினான். காலில் செருப்பு இல்லை. எங்கே விட்டோம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சுடுமண்ணில் வந்தது உள்ளங்காலுக்கு அப்போதுதான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். வயலுக்கு அப்பால் வேம்பின் தலை மட்டும் தெரிந்தது. காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் கிடந்த மூன்று ஜோடிகளின் மேல் அது நிழலை நகர்த்திக்கொண்டிருந்தது.