பன்னிரண்டு நாள் போதும்

அவள் பதினோரு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். முதுகுவலி தாங்காமல் அதை விட்டுவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். வேலையிடத்தில் அடிபட்டவர்களுக்கு டாக்டர் கேட்கும் சிகிச்சையில் எது தேவை, எது கூடுதல் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு நாற்பது ஃபைல். பழகிவிட்டால் ஒன்றுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

தகடு வெட்டும் மெஷினில் வலது கை நசுங்கிய ஒருவனுக்கு முப்பத்தாறு நாள் பிசியோதெரபி கேட்டிருந்தார்கள். கம்பெனியின் பட்டியலில் அந்தக் காயத்துக்குப் பன்னிரண்டு என்று இருந்தது. பன்னிரண்டு என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள்.

ஐந்து மாதம் கழித்து அதே ஃபைல் மேல்முறையீடாகத் திரும்பி வந்தது. கூடவே ஒரு போன் பதிவு. பேசியது அவன் மனைவி.

"கை பூட்டிக்கிச்சுங்க. சாப்பாடுகூட நான்தான் ஊட்டிவிடுறேன். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

அந்தப் பேச்சுக்குப் பின்னால், தள்ளி எங்கோ, ஓர் ஆண் குரல் எண்ணிக்கொண்டிருந்தது. "ஒண்ணு... ரெண்டு..." பல்லைக் கடித்து முனகும் சத்தம். மறுபடி "ஒண்ணு..." மூன்று வரவே இல்லை.

விரலை விரிக்கும் பயிற்சி அது. எத்தனையோ பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அந்தக் குரல் அவளை விடவில்லை. லிஃப்டில் கேட்டது. குழாயைத் திறந்தால் கேட்டது. படியேறும்போது மூன்றாவது படியில் கால் தானாக நின்றது. கணவரிடம் சொன்னாள்.

"ஃபைலெல்லாம் பேச ஆரம்பிச்சிடுச்சா? நாலு நாள் லீவு போடு," என்று சிரித்தார்.

அடிபட்டவர்களை நேரில் பார்க்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. ஒரு சனிக்கிழமை மதியம் ஃபைலில் இருந்த விலாசத்துக்குப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருப்பதாக நினைத்து மனைவி உள்ளே உட்காரவைத்தாள். அவன் கேட்காமலே கையை நீட்டினான். தொட்டுப் பார்த்தாள். விரல்மூட்டுகள் கல் மாதிரி இறுகியிருந்தன.

"ஏன் சிஸ்டர், மிச்ச நாளும் குடுத்திருந்தா தெறந்திருக்குமா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"தெறந்திருக்கும்ணே. குறைச்சது நான்தான். அந்த இன்சூரன்ஸ் கம்பெனிலதான் வேலை பார்க்குறேன்."

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கண் கலங்கியது. மனைவிதான் எழுந்தாள்.

"இங்க வந்து அழாதீங்க. அழுறதுக்கு இந்த வீட்டுல ஆள் இருக்கு. இப்ப சொன்னத அங்க போய் எழுதுங்க."

திங்கட்கிழமை எழுதினாள். நான் எடுத்த முடிவு தவறு, அதனால்தான் கை இறுகியது என்று.

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இத எழுதினா கம்பெனியும் மாட்டும், நீயும் மாட்டுவ."

"மாட்டட்டும் சார்."

ஆபரேஷனுக்கும் அதற்குப் பிந்தைய பயிற்சிக்கும் அனுமதி கிடைத்தது. அவளைக் கடிதப் போக்குவரத்துப் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். அவனுக்கு மூன்று விரல்கள் திறந்தன. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் அப்படியேதான். மெஷினுக்குத் திரும்ப முடியாததால் ஃபேக்டரி வாசலில் காவலுக்குப் போட்டார்கள்.

அவள் பஸ் அந்த வாசலைத் தாண்டித்தான் போகும். தினமும் எதிர்ப்பக்க ஜன்னலில் உட்காருவாள். ஒரு நாள் கூட்டத்தில் இடம் கிடைக்காமல் வாசல் பக்கம் நிற்க நேர்ந்தது. லாரி ஒன்று உள்ளே போவதற்காக அவன் பஸ்ஸை நிறுத்தியிருந்தான். அவளைப் பார்த்ததும் தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோலச் சிரித்தான்.

முறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.