பிக்பாக்கெட் என்று எழுதியவர்

பாடப்புத்தகம் அச்சிடும் நிறுவனமொன்றில் அவர் மெய்ப்புத் திருத்துபவர். ஒரு காற்புள்ளிக்காக அரை நாள் மல்லுக்கு நிற்பார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் காற்புள்ளி என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் எழுத்தாளர். இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, மொழியைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் வருடக்கணக்காகக் கட்டுரை எழுதிவந்தார். ஈ காக்கை எட்டிப் பார்க்காது. தங்கை மட்டும் ‘அருமை அண்ணா’ என்று ஒரு வரி போடுவாள். அவளும் முழுக்கப் படிப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

தங்கை கணவருக்கு எஸ்.இ.ஓ. தொழில். யாராவது இணையத்தில் தேடினால் ஒரு கடையின் பக்கம் முன்வரிசையில் வந்து நிற்கும்படி செய்யும் வேலை. வீட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து பூட்டுக்கடை, பல் மருத்துவர், கண்ணாடிக்கடை என்று சின்னச் சின்ன ஆட்களுக்குச் செய்துகொடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே சாப்பிடப் போயிருந்தார் காற்புள்ளி. மாப்பிள்ளை நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

“காதுக்கருவி விக்கிற டாக்டரம்மா ஒருத்தங்க, மச்சான். ‘செவித்திறன் மேம்பாட்டு மையம்’னு பக்கத்துல போட்டு வச்சிருந்தாங்க. காது மந்தமானவர் அப்படியா தேடுவார்? டிவி சத்தம் பத்தலைன்னுதான் தேடுவார். ‘டிவி சத்தம் பத்தலையா?’ன்னு தலைப்ப மாத்தினேன். இப்ப அங்க உக்கார இடமில்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். காற்புள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை.

“அதெல்லாம் ஒரு எழுத்தா, மாப்பிள்ளை?”

“ஆளு வராங்களே, மச்சான்!”

மாப்பிள்ளை யதார்த்தமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. வீடு திரும்பியதும் எழுத உட்கார்ந்தார். ‘எஸ்.இ.ஓ. ஆசாமிகள்: இணையத்தின் பிக்பாக்கெட்டுகள்’ என்று தலைப்பு. தனக்குத் தெரிந்த ஒரு வித்தைக்காரர் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, ‘டிவி சத்தம் பத்தலையா?’ என்று தூண்டில் போட்டு, காது கேளாத முதியவர்களைப் பிடித்துக் கொடுக்கிறார் என்றும், தேவையே இல்லாத கருவியை அவர்கள் தலையில் கட்டுகிறார்கள் என்றும் எழுதினார். ‘தேவையே இல்லாத’ என்பது அவராகச் சேர்த்தது. மாப்பிள்ளை அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது தெரிந்தேதான் அந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு முந்தைய வாக்கியத்தில் ஒரு காற்புள்ளியைச் சரிசெய்துவிட்டு மேலே போய்விட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் கைபேசி ஓயவில்லை. தேடிப் போய் ஏமாந்தவர்கள் எல்லாம் வந்து கைதட்டினார்கள். அந்தத் தொழில்காரர்கள் பொங்கியெழுந்து பத்தி பத்தியாக மறுத்தார்கள். மறுத்தவர்களைத் திட்ட ஒரு கூட்டம் வந்தது. யார் என்ன சொன்னாலும் கட்டுரை இன்னும் நாலு பேர் கண்ணில் பட்டது. மேலாளர் தோளில் தட்டி, “காற்புள்ளி, பின்னிட்டீங்க போங்க!” என்றார். அந்த வாரம் முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்னும் காரமாக இரண்டாவது கட்டுரையும் போட்டார். தங்கையிடமிருந்து ‘அருமை அண்ணா’ வரவில்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை.

மாப்பிள்ளையே நேரில் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“உள்ள வாங்க மாப்பிள்ளை.”

“பரவால்ல, மச்சான். தலைப்பு நல்லா இருந்துச்சு. நானா இருந்தாலும் அதையேதான் வச்சிருப்பேன்.”

காற்புள்ளிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “பொதுவாத்தான் எழுதினேன்... ஏன் இவ்வளவு பேர் வந்தாங்கன்னு எனக்கே புரியல.”

“இதுல புரியாம என்ன இருக்கு? நீங்க மொழியைப் பத்தி எழுதினா யாருக்குக் கோபம் வரும்? எங்களைத் திருடன்னா வரும். நாள் பூரா இணையத்துலயே கிடக்கிறவங்க நாங்க. எதை எப்படிப் பரப்பணும்னு தெரிஞ்சவங்க. திட்டுறதுக்காகவே உங்க கட்டுரையைத் தூக்கிட்டு ஊரெல்லாம் சுத்தினோம்.” கொஞ்சம் நிறுத்தினார். “அது போகட்டும். அந்த ‘டிவி சத்தம்’ வரியை அப்படியே போட்டுட்டீங்க. சனங்க அதையே தேடி டாக்டரம்மா கடையைக் கண்டுபிடிச்சுட்டாங்க. திருட்டுக்கடைன்னு எழுதித் தள்ளியிருக்காங்க. இனிமே வர வேண்டாம்னு டாக்டரம்மா எங்கிட்ட சொல்லிட்டாங்க.”

கத்தியிருந்தால் தேவலை. மாப்பிள்ளை சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காற்புள்ளி அந்தக் கடைக்குப் போனார். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வரவேற்பில் இருந்த பெண், வந்த காரணத்தை அவர் மென்று விழுங்குவதைப் பார்த்து, காது கேட்காதவர் என்றே முடிவு கட்டிவிட்டாள். “உள்ள வாங்க ஐயா!” என்று உரக்கச் சொல்லி, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். மறுக்க வாய் வரவில்லை. சத்தம் கேட்கும்போதெல்லாம் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

டாக்டரம்மா வெளியே அழைத்து, முடிவைக் காட்டினார். “உங்க காதுக்கு ஒண்ணுமே இல்லைங்க. கருவி தேவையில்லை. ஏன் வந்தீங்க?”

தேவையில்லை என்று அவர் வாயாலேயே கேட்டபோது காற்புள்ளிக்கு உடம்பு கூசிப்போயிற்று. “அந்தக் கட்டுரை... நான்தாங்க எழுதினேன்.”

டாக்டரம்மா முடிவுத் தாளை மடித்து வைத்தார். “நான் யாரையாவது ஏமாத்தினதா உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அப்புறம்?”

ஆளு வராங்களே என்ற பொறாமையை அவரிடம் எப்படிச் சொல்வது?

“தப்புன்னு எழுதுங்க,” என்றார் டாக்டரம்மா. “எனக்கு வேலை செஞ்சு கொடுத்தவரை மறுபடி கூப்பிடச் சொல்லாதீங்க. நல்ல மனுஷன்தான். ஆனா இனிமே எனக்குப் பயம்.”

அன்றே இரண்டு கட்டுரைகளையும் எடுத்துவிட்டு, தான் எழுதியது பொய் என்று நேராக எழுதிப் போட்டார். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. அதனால் ஒருவரும் வரவில்லை. பழைய கட்டுரையோ வேறு யார் யாரோ பக்கங்களில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

கடையைத் திட்டியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து, தயவுசெய்து எடுத்துவிடுங்கள், தப்பு என்னுடையது என்று கெஞ்சி எழுத ஆரம்பித்தார். சிலர் எடுத்தார்கள். பலர் பதிலே போடவில்லை. ஒருவர், ‘எவ்வளவு வாங்கினே?’ என்று கேட்டிருந்தார்.

வார முடிவில் தங்கைக்குப் போன் செய்தார்.

“அவர்கிட்ட கொஞ்சம் பேசணும்மா.”

“குளிக்கிறார் அண்ணா,” என்றாள்.

அவளுக்குப் பின்னால், முன்னறையிலிருந்து, மாப்பிள்ளை யாருக்கோ வேலையை விளக்கிக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்டது. அது அவருக்குக் கேட்கிறது என்று அவளுக்கும் தெரியும்.

“சரிம்மா,” என்றார். “மெதுவாக் குளிக்கட்டும்.”